சாம்பல்தீவில் இருந்து ரவுண், கிழமைக் கடைசியில் தம்பலகாமம்: 28 ரயரைக் கழற்றிவிட்டு எது போடலாம்?

வெள்ளைக்கொக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு முடிவு எடுக்க உங்கள் உதவி வேண்டும்.

நான் சாம்பல்தீவில் இருந்து திருகோணமலை ரவுணுக்கு வேலைக்குப் போய் வருவது சைக்கிளில்தான். நிலாவெளி வீதி காப்பெட் போட்ட வீதி, அதில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் இருந்து அந்த வீதிக்கு வந்து சேருவதுதான் சிக்கல். கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர் கிரவல் ஒழுங்கை, அதிலும் நடுவில் ஒரு நூறு மீற்றர் வெறும் மணல். சனி, ஞாயிறில் தம்பலகாமத்தில் அம்மம்மா வீட்டுக்குப் போவேன். அங்கே வயலோரம் வாய்க்கால் கட்டில்தான் ஓட்டம்.

சைக்கிள், பாவித்த யப்பான் ஹைபிரிட். ரயரின் பக்கத்தில் 28-622 என்று அடித்திருக்கிறது, அதாவது 28 மில்லிமீற்றர் அகலம். என் எடை 68 கிலோ, முதுகுப் பையோடு 73 வரும். கடந்த இரண்டு மாதத்தில் ஐந்து தரம் காற்றுப் போய்விட்டது. ஐந்தில் மூன்று தரம் ரியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. ஆணியும் இல்லை, முள்ளும் இல்லை. ஒரு கடையில் "காற்றை இன்னும் இறுக்கி அடியுங்கோ" என்றார்கள். இன்னொரு கடையில் இரண்டு அங்குல ரயர் போடச் சொன்னார்கள். அகலமானது போட்டால் காப்பெட்டில் இழுக்கும், மிதிக்க ஏலாது என்கிறான் நண்பன். யார் சொல்வதைக் கேட்பது?

---

கந்தளாய்ச் சவாரி எழுதியது:

தம்பி, அவசரப்பட்டு 28ஐக் கழற்ற வேண்டாம். நான் ஏ6 வீதியில் கந்தளாய்க்குப் போய் வருவது 28இல்தான், போக 40 கிலோமீற்றர் அளவில் வரும். கச்சான் காற்று எதிரே அடிக்கிற மாதங்களில் ஒவ்வொரு மில்லிமீற்றரும் காலுக்குத் தெரியும். கட்டாயம் மாற்றத்தான் வேண்டும் என்றால் 32 போடுங்கள், காற்றழுத்தம் நூறு பி.எஸ்.ஐ. வரும்வரை அடியுங்கள். பங்சர் நிற்கும்.

---

ஏழாம்கட்டை எழுதியது:

முப்பது வருடமாக என் கையாலேயே சைக்கிள் திருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த இரட்டை ஓட்டைதான் இந்தக் கேள்விக்கே விடை.

ரியூபைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் தம்பி. பாம்பு கொத்தின மாதிரி இரண்டு சிறிய வெட்டு, நடுவில் றிம்மின் அகலத்துக்கு இடைவெளி. சக்கரம் ஒரு கல்லிலோ குழியின் விளிம்பிலோ அடிபடும்போது ரயர் முழுதாக நசுங்கி, ரியூப் கல்லுக்கும் றிம்முக்கும் நடுவில் அகப்படுகிறது. றிம்மின் இரண்டு விளிம்பும் இரண்டு பக்கமும் கடிக்கும். 28 ரயரில் நிலத்துக்கும் றிம்முக்கும் நடுவில் இருக்கிற உயரமே கொஞ்சம்தான். உங்கள் ஒழுங்கையில் அதைவிட உயரமாகக் கல் துருத்திக்கொண்டிருக்கும்.

காற்றை இறுக்கினால் அந்தக் கடி நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இறுக்கத்தோடு கிரவலில் ஓடினால் ஒவ்வொரு கல்லும் உங்களையும் சைக்கிளையும் சேர்த்து மேலே தூக்கிப் போடும். அப்படித் தூக்குகிற சக்தி எங்கிருந்து வருகிறது? உங்கள் காலில் இருந்துதான். மெத்தென்று இருக்கிற ரயர் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருண்டு போய்விடும். கரடான வீதியில் இறுக்கமான ரயர் வேகமாக ஓடுகிற மாதிரி இருக்கும், கை விறைக்கிற அதிர்வை நாம் வேகம் என்று நினைக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அகலமான ரயர்" என்றால் ஏதோ புதிதாக வந்த பழக்கம் போல எல்லோரும் பேசுகிறார்கள். எங்கள் அப்பா ஓடியது 28 × 1½ ரயர் போட்ட பெரிய சைக்கிள். அந்த ரயரின் அளவு 40-635. அதாவது 40 மில்லிமீற்றர் அகலம். தார் காணாத வீதிகளில், பின்னால் ஒரு மூடை நெல்லும் முன்னால் ஒரு பிள்ளையுமாக எங்கள் ஊரே அதில்தான் ஓடியது. 28 மில்லிமீற்றர் ரயர் நல்ல வீதிக்கு என்று செய்தது. அதைக் கொண்டுபோய்க் கிரவலில் விட்டது நாங்கள்.

---

நிலாவெளி ரீச்சர் எழுதியது:

அண்ணை சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம். அந்த 28 × 1½ ரயர் இவருடைய சைக்கிளுக்குப் போடலாமா? இரண்டிலும் 28 என்றுதானே இருக்கிறது.

---

ஏழாம்கட்டை எழுதியது:

நல்ல காலம் கேட்டீர்கள் ரீச்சர். போட முடியாது. இதில்தான் கன பேர் காசைக் கரியாக்குகிறார்கள். பழைய ரயரின் 28 அங்குலம், சக்கரத்தின் அளவு. தம்பியின் 28 மில்லிமீற்றர், ரயரின் அகலம்.

ரயரின் பக்கத்தில் இரண்டு இலக்கம் கோடு போட்டு எழுதியிருக்கும். முதலாவது அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, ரயர் றிம்மில் உட்காருகிற இடத்தின் விட்டம். தம்பியின் சைக்கிளில் 622. பழைய பெரிய சைக்கிளில் 635. பதின்மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம், 635 ரயர் 622 றிம்மில் நிற்காது, காற்றடிக்கும்போதே கழன்று வெளியே வரும். "26 அங்குலம்" என்று சொல்லி விற்பதிலும் இதே கதை. 26 × 1.95 என்றால் விட்டம் 559. 26 × 1⅜ என்றால் 590. பெயர் ஒன்று, சக்கரம் வேறு. ஆகவே கடையில் அங்குலம் சொல்லிக் கேட்காதீர்கள், கடைசி மூன்று இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். முன்னால் இருக்கிற அகலத்தைத்தான் நாம் மாற்றலாம்.

---

நிலாவெளி ரீச்சர் எழுதியது:

நன்றி அண்ணை. என் அனுபவத்தையும் சொல்கிறேன், தம்பிக்கு உதவும்.

என்னுடையது எம்.ரி.பி. என்கிற மலைச் சைக்கிள், ரயர் 26 × 1.95 அங்குலம். இறக்கக்கண்டிப் பாலம் தாண்டிக் கும்புறுப்பிட்டிப் பக்கம் பள்ளிக்கூடம். வாங்கும்போது பெரிய பெரிய கட்டை வைத்த ரயர் இருந்தது. காப்பெட்டில் போகும்போது தேனீக்கூட்டம் மாதிரி ஒரு இரைச்சல். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது கால் சோர்ந்துவிடும். நானும் அகலம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருவர் சொன்னபடி அதே 1.95 அகலத்தில், நடுவில் வழுவழுப்பாகவும் ஓரத்தில் மட்டும் சின்னக் கோடுகளோடும் இருக்கிற ரயர் வாங்கிப் போட்டேன். இரைச்சல் போய்விட்டது, களைப்பும் பாதி குறைந்தது. அகலம் மாறவே இல்லை! இழுத்தது அந்தக் கட்டைகள்தான்.

மாரியில் வழுக்காதா என்று வீட்டில் பயந்தார்கள். கார்த்திகை, மார்கழி இரண்டும் மழையிலேயே ஓடினேன், தார் வீதியில் ஒரு தரமும் வழுக்கவில்லை. சேற்றில் மட்டும் அந்தப் பழைய ரயர்தான் நல்லது, அதை நான் மறுக்கவில்லை.

---

ஏழாம்கட்டை எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். காருக்கு ரயரில் வெட்டு இல்லாவிட்டால் வேகத்தில் தண்ணீரின் மேல் மிதந்துவிடும். சைக்கிள் ரயர் ஒடுக்கம், காற்றும் இறுக்கம், நாம் ஓடுகிற வேகத்தில் தண்ணீரை வெட்டிக்கொண்டு நிலத்தைத் தொட்டுவிடும். தார் வீதியில் பிடி தருவது ரப்பர். மண்ணில், சேற்றில்தான் கட்டைக்கு வேலை, அது மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்க வேண்டும். மழையில் கவனிக்க வேண்டியது வீதியில் போட்ட வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும்தான். அதற்கு எந்த ரயரும் துணை இல்லை.

---

கங்கைக்கரை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கிண்ணியா. எல்லோரும் ஆளின் எடையை மட்டும் பேசுகிறீர்கள், சுமையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

நான் கரியரில் 25, 30 கிலோ வைத்து ஓடுகிறவன். வெறும் சைக்கிளிலேயே எடையில் பாதிக்கு மேல் பின் சக்கரத்தில்தான் விழும். சுமை ஏற்றினால் முழுவதும் அங்கேதான். பின் ரயர்தான் எனக்கு எப்போதும் முதலில் தேயும், சக்கரக் கம்பியும் பின்னால்தான் முறியும். 32 போட்டிருந்த காலத்தில் மாதத்துக்கு ஒரு கம்பி. இப்போது பின்னால் 42, முன்னால் 37. கம்பி முறிந்து கனநாள்.

முன்னும் பின்னும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. எங்கள் கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம், 2009இல் திறந்தது. அதற்கு முன்னால் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் மறுகரைக்கு வருவோம். இப்போது சுமையோடு நேரே பாலத்தில் ஓடுகிறேன், பக்கத்துக் காற்று பிடித்துத் தள்ளும். அந்த நேரம் முன் ரயர் கொஞ்சம் ஒடுக்கமாக இருப்பது திருப்ப இலேசாக இருக்கிறது. இது என் கைக்குப் பட்டது, எல்லோருக்கும் பொருந்துமோ என்னவோ.

---

கந்தளாய்ச் சவாரி எழுதியது:

சரி, சுமைக்கும் கிரவலுக்கும் அகலம் நல்லது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நல்ல வீதியில் அகலமானது மெதுவாகத்தான் ஓடும். நிலத்தில் படுகிற இடம் கூட, ஆகவே உரசலும் கூட. இதில் என்ன விவாதம்?

---

ஏழாம்கட்டை எழுதியது:

தம்பி, இதை நானும் கனகாலம் அப்படித்தான் நம்பினேன். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

உங்கள் எடையைத் தாங்குவது ரயருக்குள் இருக்கிற காற்று. ஒரே காற்று அழுத்தம், ஒரே எடை என்றால் நிலத்தில் படுகிற பரப்பும் ஏறத்தாழ ஒன்றுதான், 28 ஆனாலும் 40 ஆனாலும். மாறுவது வடிவம். ஒடுக்கமான ரயரில் அந்தத் தடம் வெள்ளரிக்காய் மாதிரி நீளம். அகலமான ரயரில் மாங்காய் மாதிரிக் குட்டை, அகலம். நீளத் தடம் என்றால் சக்கரம் உருளும்போது ரயரின் பக்கச் சுவர் அதிகம் மடிந்து நிமிர வேண்டும். சக்தி வீணாவது பெரும்பாலும் அந்த மடிப்பில்தான், உரசலில் இல்லை. ஆகவே ஒரே அழுத்தத்தில் அகலமானதுதான் இலேசாக உருளும்.

நடைமுறையில் அகலமான ரயருக்குக் காற்றைக் குறைத்து அடிப்போம், அதனால் அந்த இலாபம் சமமாகிவிடும். கிட்டத்தட்டச் சமம், அவ்வளவுதான். சைக்கிள் போட்டிக்காரர்களைப் பாருங்கள். 23 போட்டு ஓடியவர்கள் 25க்கு வந்தார்கள், இப்போது 28, 30 என்று போகிறார்கள். கல் பதித்த வீதியில் ஓடுகிற பாரிஸ்–ரூபே போட்டியில் அதைவிடவும் அகலமாகப் போடுகிறார்கள். வேகமே தொழிலாக இருக்கிறவர்கள் வேகம் குறைகிறது என்றால் மாற்றுவார்களா?

ஆனால் நீங்கள் சொன்ன கச்சான் காற்று உண்மை. 30 கிலோமீற்றர் வேகத்துக்கு மேலே, அல்லது எதிர்காற்றில், ரயரின் அகலமும் காற்றைத் தள்ள வேண்டியிருக்கும். ரயரின் எடையும் கூடும். கந்தளாய்க்கு ஓடுகிற உங்களுக்கு 28 பொருத்தம்தான். நான் உங்கள் ரயரைக் குறை சொல்லவில்லை, தம்பியின் ஒழுங்கையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

---

கந்தளாய்ச் சவாரி எழுதியது:

நேற்று வேறு வேலை இல்லாததால் இதைச் சோதித்தே பார்த்துவிட்டேன். மச்சானின் சைக்கிள் 38 ரயர். உவர்மலை இறக்கத்தில் ஒரே மின்கம்பத்தில் இருந்து இரண்டு சைக்கிளையும் மிதிக்காமல் விட்டுப் பார்த்தேன், ஒவ்வொன்றும் நாலு தரம். நின்ற இடத்தில் சோக்கால் கோடு போட்டேன். தாரில் இரண்டு சைக்கிளின் கோடுகளும் ஒன்றோடொன்று கலந்துதான் கிடந்தன, எது எதனுடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு ஒரு கிரவல் சரிவில் அதையே செய்தேன். அங்கே நாலு தரமும் 38தான் முந்தியது. என் 28 குதித்துக் குதித்து நின்றுவிட்டது.

எனக்கு இது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் கண்ணால் கண்டது. தம்பி, நான் முதலில் சொன்ன நூறு பி.எஸ்.ஐ. கதையை விட்டுவிடுங்கள்.

---

வெள்ளைக்கொக்கு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அண்ணை சோதித்தே பார்த்ததற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அப்படியானால் ஒரேயடியாக 50 போட்டால் என்ன? மணலிலும் இறங்காமல் ஓடலாமே.

---

ஏழாம்கட்டை எழுதியது:

முதலில் சைக்கிளில் இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் வருகிற தண்டு, ரயர் ஆக அகலமாக இருக்கிற இடத்தில் எவ்வளவு விரிந்திருக்கிறது? முன்னால் போர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவில் எவ்வளவு? மேலே பிறேக்குக்குக் கீழே எவ்வளவு? இந்த மூன்றில் ஆகக் குறைந்ததுதான் உங்கள் எல்லை. பக்கத்துக்கு நாலு மில்லிமீற்றராவது சும்மா விட வேண்டும்.

றிம்மின் உள் அகலத்தையும் பாருங்கள். 17 மில்லிமீற்றர் இருந்தால் 38 நிம்மதியாக உட்காரும். ஒடுக்கமான றிம்மில் மிக அகலமான ரயரைப் போட்டால் பல்ப் மாதிரி மேலே உப்பிக்கொண்டு, வளைவில் பக்கத்துக்குப் பக்கம் ஆடும்.

---

நிலாவெளி ரீச்சர் எழுதியது:

மணலைப் பற்றி நான் சொல்கிறேன். 50 போட்டாலும் காய்ந்த மணலில் இறங்கும் தம்பி. என்னுடையது ஏறக்குறைய 50தான், உப்புவெளிக் கடற்கரையில் தென்னை மரத்தடிப் பொடிமணலில் பத்து மீற்றர் போகாது. அலை வந்து நனைத்துவிட்டுப் போன இடத்தில் மட்டும் தார் வீதி மாதிரி ஓடலாம். உல்லாசப் பயணிகள் கொண்டுவருகிற நாலு அங்குல ரயர் சைக்கிளில் பத்துக்கும் குறைவான பி.எஸ்.ஐ. வைத்து ஓடுவார்களாம், அப்படி என்றால்தான் பொடிமணலுக்கு மேல் மிதக்கும். அதில் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக முடியுமா?

உங்கள் நூறு மீற்றருக்கு ஒரு வழி இருக்கிறது. மணல் வருவதற்கு முன்னமே இலேசான கியருக்கு மாற்றுங்கள், பின்னால் தள்ளி உட்காருங்கள், ஹாண்டிலைப் பிடித்து நெரிக்காமல் மிதித்துக்கொண்டே இருங்கள். முன் சக்கரம் எங்கே போகப் பார்க்கிறதோ அங்கே விடுங்கள். நிறுத்தினால் முடிந்தது. அதற்கும் மேலே இறங்கி ஒரு நிமிடம் உருட்டினால் ஒன்றும் குறையாது.

கடற்கரையில் ஓடினால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்பு ஒரு கிழமை பொறுக்காது.

---

கங்கைக்கரை எழுதியது:

நெருஞ்சி முள்ளைப் பற்றியும் கேட்கிறேன். கோடையில் குளக்கட்டில் ஓடினால் அகலம் ஒன்றும் உதவாது, கூடின ரப்பர் நிலத்தில் பட்டால் கூடின முள்தானே ஏறும்? நான் பழைய ரியூபை நீளத்துக்கு வெட்டி, காற்றடிக்கிற வால்கட்டைப் பக்கத்தை எடுத்துவிட்டு, ரயருக்கும் ரியூபுக்கும் நடுவில் பட்டையாகப் போட்டிருக்கிறேன். பாரம் கொஞ்சம் கூடும், முள் குறையும்.

---

ஏழாம்கட்டை எழுதியது:

அது நல்ல வழிதான் நானா. பட்டையின் ஓரம் மடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மடிந்த இடமே பிறகு ரியூபைத் தேய்த்து ஓட்டையாக்கும். ஓட்டிய பிறகு உள்ளங்கையால் அல்ல, ஒரு துணியால் ரயரின் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். முறிந்த முள் நுனி இருந்தால் துணி அதில் மாட்டும்.

---

வெள்ளைக்கொக்கு எழுதியது:

அளந்துவிட்டேன். பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்றால் பின் தண்டுக்கு நடுவில் பார்த்தேன், 46 மில்லிமீற்றர். போர்க்கில் 52. றிம் உள்ளே 17. கணக்குப்படி 38 போட்டால் பின்னால் பக்கத்துக்கு நாலு மில்லிமீற்றர் மிஞ்சும்.

ஆசைக்கு நண்பனிடம் 42 ஒன்றை வாங்கிப் பின்னால் போட்டுப் பார்த்தேன். உரசவில்லை. சந்தோஷத்தில் அதோடேயே தம்பலகாமம் போனேன். போன கிழமை பெய்த மழையில் வாய்க்கால் கட்டு ஊறிப்போய்க் கிடந்தது. வயல் களி உங்களுக்குத் தெரியும்தானே. ஒரு இருநூறு மீற்றர் போகவில்லை, ரயரில் அப்பிய களி தண்டுக்கு நடுவில் போய்ச் சேர்ந்து, வைக்கோலும் அதோடு சுற்றி, சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட்டது. ஒரு தடியால் குத்திக் குத்தி எடுத்தேன். எடுத்துவிட்டுப் பார்த்தால் தண்டின் உட்பக்கம் பெயின்ற் சுரண்டிப் போயிருந்தது, கல்லும் சேர்ந்து அரைத்திருக்கிறது. பக்கத்துக்கு நாலு மில்லிமீற்றர் என்று அண்ணை சொன்னது எதற்கு என்று அந்த இடத்தில் நின்றுதான் விளங்கியது.

38 வாங்குகிறேன். காற்று எவ்வளவு அடிப்பது?

---

ஏழாம்கட்டை எழுதியது:

உங்கள் எடைக்கு முன்னால் 40, பின்னால் 48 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்குங்கள். சைக்கிளில் ஏறி உட்கார்ந்து யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், பின் ரயர் நிலத்தில் கொஞ்சம் பிதுங்கி இருக்க வேண்டும். அது கல்லு மாதிரி நின்றால் காற்றுக் கூட. கல்லில் ஏறும்போது றிம் "டக்" என்று தட்டினால் குறைவு, இரண்டு மூன்று கூட்டுங்கள். ரயரில் போட்டிருக்கிற உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். அகலமான ரயரின் சுவர் அதே அழுத்தத்துக்குக் கூடின இழுவையைத் தாங்க வேண்டும். 50 ரயரில் அது 28ஐப் போல இரண்டு மடங்குக்குக் கிட்ட வரும். அதனால்தான் அகலமான ரயர்களில் உச்ச அளவு குறைவாகப் போட்டிருக்கிறார்கள்.

கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள், அளவு காட்டுகிற பம் ஒன்று வாங்குங்கள். நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். காலையில் 30 பாகை வெப்பத்தில் அடித்த 80 பி.எஸ்.ஐ., வெயிலில் நிறுத்தி ரயர் 60 பாகைக்குச் சூடேறினால் 90 ஆகிவிடும். வேலை இடத்தில் நிழலில் விடுங்கள்.

---

வெள்ளைக்கொக்கு எழுதியது:

மூன்று கிழமை ஆகிவிட்டது, சொல்லாமல் இருக்கக் கூடாது. 38-622, நடு வழுவழுப்பு, ஓரம் சின்னக் கட்டை. முன்னால் 38, பின்னால் 45 பி.எஸ்.ஐ. இல் வந்து நிற்கிறது. இரட்டை ஓட்டை ஒரு தரமும் இல்லை. ஒரு தரம் காற்றுப் போனது, அது நெருஞ்சி. ரவுணுக்குப் போகிற நேரம் முன்னைப் போலவே இருக்கிறது, ஒரு நாள் ஒரு நிமிடம் கூட, ஒரு நாள் குறைவு. ஒழுங்கையில் மட்டும் முன்பு எழுந்து நின்று மிதித்தவன் இப்போது உட்கார்ந்தபடியே வருகிறேன். மணலில் ரீச்சர் சொன்னபடி செய்து, நேற்று முதல் தரம் இறங்காமல் முழு நூறு மீற்றரும் கடந்தேன்.

மட்கார்ட் மட்டும் கழற்ற வேண்டியதாயிற்று, 38க்கு இடம் போதவில்லை. மாரி வருவதற்குள் அகலமான மட்கார்ட் ஒன்று தேட வேண்டும். கழற்றிய 28 ரயர்கள் இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன. கந்தளாய்ச் சவாரி அண்ணை, உங்களுக்கு உதவும் என்றால் சொல்லுங்கள், சனிக்கிழமை உவர்மலைப் பக்கம் வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.

---

கந்தளாய்ச் சவாரி எழுதியது:

கொண்டு வாருங்கள் தம்பி. பின் ரயர் எனக்குத் தேய்ந்துபோய்த்தான் இருக்கிறது. மச்சானிடம் அகலமான மட்கார்ட் ஒரு சோடி சும்மா கிடக்கிறது, பொருந்துமா என்று அன்றைக்கே போட்டுப் பார்ப்போம்.